இடது புருவம்

அக்காவை நாலு மணிக்கு எடுக்கிறார்கள். இரண்டரைக்கு அவன் கண்காட்சிக் கூடத்தில், அக்கா கலைப்படைப்பாகச் செய்த கணினித் திரையின் முன் நின்றுகொண்டிருந்தான்.

தலைமாட்டில் வைக்க ஒரு படம் இல்லை. அக்கா தன்னைப் படமெடுக்க யாரையும் விட்டதில்லை. அடையாள அட்டையில் இருந்தது பதினேழு வயதுப் பெண்; நாற்பத்தொரு வயதில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தவள் அல்ல. அதை வைக்க அம்மா ஒப்பவில்லை.

“முழு முகம் எதுவும் இல்ல, தம்பி,” என்றார் கூடத்துக் கணினிக்காரர். “எதிர்ல நிக்கிறவங்க முகத்தோட, முன்னாடி வந்தவங்க முகத் துண்டுகளை ஒட்டிக் காட்டும், அவ்வளவுதான். ‘முழுசா நான்னு யாருங்க இருக்கா?’ன்னு உங்க அக்கா சிரிப்பாங்க. தினம் சாயங்காலம் உக்காந்து, எந்தத் துண்டு இருக்கணும்னு அவங்களே பொறுக்குவாங்க. மத்ததை அழிச்சிடுவாங்க.”

“அவளோடது?”

“முதல்ல நின்னு சோதிச்சது அவங்கதான். ஏதாவது ஒண்ணு இருக்கலாம். நில்லுங்க.”

நின்றான். நெற்றி அவனுடையது. மூக்கு யாரோ பெரியவருடையது. இடது புருவத்தில் ஒரு வெட்டு. சின்ன வயதில் அவன் எறிந்த அடிஸ்கேல் போட்டது.

வாயைச் சற்று நேரம் பார்த்தான். பிறகு கைப்பேசியில் எடுத்துக்கொண்டான்.

வீட்டில் அம்மா தலைமாட்டை விட்டு நகரவில்லை. அம்மாவுக்கும் அக்காவுக்கும் பேச்சு நின்று மூன்று மாதம். “வீட்டுலதான் கண்ணாடி இருக்கே, இதுக்கு ஒரு கம்ப்யூட்டரா?” என்று அம்மா கேட்டதோடு சரி.

கைப்பேசியை நீட்டினான்.

“என்னடா இது? ஊர்ல உள்ளவன் மூஞ்சியெல்லாம் கொண்டாந்திருக்க?”

“புருவத்தைப் பாரும்மா.”

அம்மா கட்டைவிரலால் புருவத்தைப் பெரிதாக்கினாள். தடவினாள். படம் நழுவி, வாய் வந்து நின்றது. மேலுதட்டு ஓரத்தில் மச்சம்.

அதே மச்சம் இருந்த அம்மாவின் உதட்டை அவன் பார்க்கவில்லை.

“கூட்டமா இருந்த நாளாப் பார்த்து அங்க போனேன்,” என்றாள் அம்மா. “அவளுக்குத் தெரியாது.”

“எதை வச்சுக்கிறதுன்னு அக்காதாம்மா பொறுக்குவாளாம். தினமும்.”

அம்மா கைப்பேசியைத் தலைமாட்டில், செம்பின் மேல் சாய்த்து வைத்தாள்.

வாசலில் வண்டி வந்து நின்றது. செருப்புச் சத்தம் கேட்டது. திரை மங்கி அணைந்தது.

அம்மா விரலை நீட்டித் தொட்டாள். மறுபடி எரிந்தது.