ஊதாப்பூ நைட்டி

நைட்டியை யார் எடுத்தது என்று கேட்க அபிலாஷுக்கு வெட்கமாக இருந்தது. பின்பக்கக் கொடியில் இல்லை. குளியலறை வாளியில் இல்லை. கட்டிலுக்கு அடியில் தலையை நுழைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது, "எதையாவது தொலைச்சிட்டியா மக்கா?" என்று ஒரு பெண்குரல் கேட்டது.

"ஒண்ணுமில்ல."

எழுந்தான். முழங்காலில் தூசி ஒட்டியிருந்தது. தட்டிவிடத் தோன்றவில்லை.

கூடத்தில் ஃப்ரீசர் பெட்டிக்குள் அவன் மனைவி அஞ்சு கல்யாணப் பட்டில் கிடந்தாள். மூளையில் ரத்தக்குழாய் வெடித்ததாக டாக்டர் சொன்னார். இரண்டு நாள் ஐசியூவில் இருந்தாள். விடியற்காலையில் முடிந்துவிட்டது. தலைமாட்டில் அவள் அம்மா செல்லக்கனி பெட்டியின் விளிம்பைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். களியக்காவிளையிலிருந்து வந்த நேரத்திலிருந்து அழவும் இல்லை, யாரிடமும் பேசவும் இல்லை. வந்தவர்கள் அவளைக் கட்டிப்பிடித்து அழுதார்கள். அவள் தோளைக் கொடுத்துவிட்டுச் சும்மா இருந்தாள்.

பின் அறையில் கூண்டு இருந்தது. கூண்டுக்குள் இரண்டு கிளிகள். மஞ்சளும் ஆரஞ்சுமாக மைனா அளவில் இருக்கும் வெளிநாட்டுக் குஞ்சுகள். கான்யூர் என்று பெயர். மார்த்தாண்டத்தில் ஒரு கடையில் அஞ்சு வாங்கியது. மனிதர் கையால் தீனி கொடுத்து வளர்த்தவை அல்ல, தாய்க்கிளி வளர்த்தவை. அதனால் மனிதக் கையைக் கண்டால் கம்பியில் போய் மோதும். அபிலாஷ் ஒருமுறை விரலை நீட்டினான். சதையோடு கடித்துவிட்டது.

"உங்களுக்குப் பொறுமை கெடையாது. நீங்க அங்க மாறி இருங்க" என்றாள் அஞ்சு.

அவளுக்கு இருந்தது. தினமும் மத்தியானம் அந்த ஊதாப்பூப் போட்ட நைட்டியோடு தரையில் உட்காருவாள். கிளிகளை நேராகப் பார்க்க மாட்டாள். பக்கவாட்டில் திரும்பிக்கொண்டு, கையில் ஒரு தினைக்கதிரை வைத்துக்கொண்டு, அம்மாவோடு வீடியோ காலில் ஊர்க்கதை பேசிக்கொண்டிருப்பாள். முதலில் கை கூண்டுக்கு வெளியே இருந்தது. அப்புறம் வாசலில். அப்புறம் உள்ளே. துணியை மாற்றினால் அவற்றுக்கு ஆள் அடையாளம் குழம்பும் என்று கடைக்காரர் சொன்னாராம். அதைத் துவைக்கவும் மாட்டாள். "கிளி பழகும், நான் வீட்ட விட்டு ஓடிருவேன்" என்று அபிலாஷ் மூக்கைப் பொத்திக்காட்டுவான். அவள் எதிரே இருந்தால்தான் கிளிகள் கிண்ணத்துத் தீனியையும் தொடும். அவள் மயங்கி விழுவதற்கு முந்தின நாள்தான் அவள் கையிலிருந்து அவை இரண்டு தினைமணி தின்றன.

ஆஸ்பத்திரியிலிருந்து வரும்போதெல்லாம் கிண்ணத்தில் தீனியைக் கொட்டிவிட்டுப் போனான். பார்க்கவில்லை. இன்று காலையில்தான் பார்த்தான். கிண்ணம் நிறைந்து வழிந்தது. மேலே கொட்டியது கீழே கொட்டியதை மூடியிருந்தது. கிளிகள் கூண்டின் மூலையில் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு, இறகு உப்பி, கண்ணைப் பாதி மூடியிருந்தன. ஆள் கூடிய சத்தத்துக்குக் கத்தவும் இல்லை.

பந்தல்காலைப் பிடித்துக்கொண்டு கடைக்காரர் ஜெஸ்பினுக்குப் போன் செய்தான்.

"குஞ்சில்லா சாரே, பட்டினி தாங்காது. உப்பிட்டு இருக்குன்னா இன்னைக்கே உள்ள ஏதாவது போவணும். அக்கா கையில குடுக்கச் சொல்லுங்க."

"அவ இல்ல."

"செரி, அப்பம் அக்கா உடுக்கிற நைட்டிய நீங்க போட்டுக்கிட்டு இருந்து பாருங்க. சிரிக்காதீங்க, சில சமயம் வேல செய்யும். அக்கா வந்த பொறவு என்னைக் கூப்பிடச் சொல்லுங்க, என்ன?"

"செரி" என்று சொல்லிப் போனை வைத்தான்.

அப்போதிலிருந்து தேடிக்கொண்டிருக்கிறான்.

கடைசியில் அஞ்சுவின் சித்தி சத்தியபாயிடம் கேட்டான். அவள் பின்வாசலில் நாலைந்து பெண்களோடு பால் விடாத கட்டன்சாயா குடித்துக்கொண்டிருந்தாள்.

"உடுத்த துணி எல்லாம் கெட்டி வச்சாச்சு மக்கா. பாய், தலவாணி எல்லாம் ஒண்ணாச் சுடுகாட்டுக்குப் போவணும். அன்னா, தென்னை மூட்டுல கெடக்கு."

"அதுல ஊதாப்பூப் போட்டது எனக்கு வேணும்."

"என்னத்துக்கு?"

"கிளிக்கு."

சத்தியபாய் பக்கத்தில் இருந்தவர்களைப் பார்த்தாள். "என்னது, கிளிக்கா?"

"சாப்பிட மாட்டேங்குது."

"இது நல்லாருக்கே. நீ காலையிலேருந்து ஒரு வாய் சாயா குடிக்கல்ல, கிளி சாப்பிடல்லன்னு வந்து நிக்கிற. போனவ துணிய மறுபடி வீட்டுக்குள்ள ஏத்தப்பிடாது, கேட்டியா. பசிச்சா அது தின்னும்."

"தின்னாது."

ஒருத்தி சிரிப்பைச் சாயாவோடு சேர்த்து விழுங்கினாள். அபிலாஷ் தென்னை மரத்தடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். பாய்க்குள் சுருட்டிக் கயிற்றால் இறுக்கியிருந்தார்கள். முடிச்சு நகத்துக்கு அசையவில்லை. பல்லால் கடித்து இழுத்தான்.

"சித்தி சொன்னா கேளு மக்கா."

"விடு சத்தியம். அவனுக்கு இப்பம் ஒண்ணும் வெளங்காது" என்றாள் இன்னொருத்தி.

நைட்டி தலையணைக்கு அடியில் மடித்து வைக்கப்பட்டிருந்தது. யாரோ அழகாகத்தான் மடித்திருந்தார்கள். அதை எடுத்துக்கொண்டு பெண்களுக்கு நடுவே நடந்து போனான். யாரும் மறிக்கவில்லை.

பின் அறைக் கதவைச் சாத்தினான். வேட்டி சட்டைக்கு மேலேயே மாட்டினான். தோளில் சிக்கியது. இழுத்ததில் எங்கோ ஒரு தையல் விட்டது. கெண்டைக்கால் வரைதான் வந்தது. மூக்கால் மூச்சு விடாமல் வாயால் விட்டான். கூண்டைத் திறந்துவைத்து, அவள் உட்காரும் இடத்தில், அவளைப் போலவே பக்கவாட்டில் உட்கார்ந்தான். தினைக்கதிரை உள்ளே நீட்டினான்.

ஒரு கிளி கண்ணைத் திறந்தது. தலையைச் சாய்த்துப் பார்த்தது. ஓர் எட்டு நகர்ந்தது. அப்புறம் நின்றுவிட்டது.

அவன் பார்க்காதது போல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கதவு தட்டப்பட்டது. மைத்துனன் ஸ்ரீஜித்தின் குரல். "அத்தான், மழைக்கு முன்ன எடுத்திரணும்னு சொல்லுதாவ. குளிச்சிட்டு வரச் சொன்னாவ."

"வாறேன்."

எழுந்து போகவில்லை. கொள்ளி வைக்க வேண்டியவன் அவன். பந்தலில் பேச்சு கேட்டது.

"மாப்பிள எங்கடே?"

"உள்ள கிளிக்குத் தீனி வைக்கான்."

"எளவு வீட்டுல கிளிக்கு என்னடே அவசரம்?"

"எம்.எஸ்சி. படிச்சவனாக்கும். அப்பிடித்தான் இருப்பான்."

கிளி திரும்பவும் மூலைக்குப் போய் மற்றதை ஒட்டிக்கொண்டது. இதுகளாவது, என்று நினைத்தான். அதற்கு மேல் வாக்கியம் ஓடவில்லை.

தட்டாமல் கதவு திறந்தது.

"ஏட்டி."

அடுக்களையிலிருந்து மகளைக் கூப்பிடுவது போல, சாதாரணமாக வந்த குரல். அபிலாஷ் திரும்பவில்லை. திரும்பினால் என்ன ஆகும் என்று தெரியும். பின்னால் செல்லக்கனியின் மூச்சு நின்று, பிறகு மெல்ல வெளியேறியது. அவள் கை கதவுப்பலகையில் உராய்ந்தது. வெகுநேரம் போலிருந்தது.

கதவு சாத்தப்படும் சத்தம் கேட்டது. போய்விட்டாள் என்று நினைத்தான். ஆனால் அவனுக்குப் பக்கத்தில் முழங்கால் சொடுக்க உட்கார்ந்தாள்.

கூண்டைப் பார்த்தாள். கிண்ணத்தைப் பார்த்தாள். அவனைப் பார்க்கவில்லை.

"எப்பம் தின்னுச்சு?"

"தெரியல்ல மாமி."

அவள் பார்வை கதிர் பிடித்த கையில் நின்றது.

"வலத்தே கையில குடுத்தா அது எப்பிடி வரும்? அவ இடத்தே கைக்காரில்லா."

அவனுக்குத் தெரியாத விஷயம் இல்லை. தோன்றவில்லை. கதிரை இடது கைக்கு மாற்றினான்.

"அப்பிடி நட்டமா பிடிக்கப்பிடாது. கொஞ்சம் சாய்ச்சு." இரண்டு விரலால் அவன் முழங்கையைத் தூக்கி அவனுடைய முழங்காலில் வைத்தாள். "போன்ல டெய்லி பாப்பேன். அம்மைக்கிட்ட பேசுதேன்னு பேரு, பேச்சுபூரா இதுககிட்டத்தான்."

கிளி மறுபடி கண்ணைத் திறந்தது. இந்த முறை இரண்டும் திறந்தன. ஒன்று குறுக்குக் கம்பியில் பக்கவாட்டில் கால்வைத்து, அலகால் பிடித்துப் பிடித்து வந்தது. கதிருக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றது.

வெளியே சங்கு ஊதினார்கள்.

இரண்டும் கம்பியில் போய் மோதின. ஒரு மஞ்சள் இறகு சுழன்று அவன் கையில் விழுந்தது. கையை இழுக்காமல் இருந்தான். செல்லக்கனி தரையில் கையூன்றி எழுந்து வெளியே போனாள். கதவை மெதுவாகச் சாத்திவிட்டுத்தான் போனாள்.

"சங்க நிறுத்துலே."

காலையிலிருந்து யாரும் கேட்டிராத குரல். பந்தலில் பேச்சு அடங்கியது.

"இல்ல செல்லக்கனி, மழை இருட்டிட்டு வருது. நேரம் போவுதில்லா" என்றார் ஒரு கிழவர்.

"போவட்டு. எம்பிள்ள எங்கயும் ஓடிப் போவமாட்டா. கொஞ்சம் கழியட்டு."

"எதுக்குன்னு சொன்னாத்தானே..."

"யாரும் ஒண்ணும் பேசாதீங்க."

காரணம் சொல்லவில்லை. பெற்றவளிடம் அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை. பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று நகர்ந்து நின்றது. அழுதுகொண்டிருந்தவர்களும் நிறுத்தினார்கள். ஃப்ரீசர் பெட்டியின் மோட்டார் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் அதுவும் நின்றது. யாரோ சுவிட்சை அணைத்திருக்க வேண்டும்.

அபிலாஷ் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். இடது கை மரத்துக்கொண்டு வந்தது. மாற்றவில்லை. கம்பியில் நகங்கள் தட்டும் சத்தம் கேட்டது. அலகு கம்பியைக் கவ்வும் சத்தம். நின்றது. மறுபடி கேட்டது.

கதிரின் நுனி லேசாகக் கீழே இழுபட்டது.

முதல் மணி உடையும் சத்தம் அவ்வளவு சின்னதாக இருந்தது. பிறகு இன்னொன்று. கதிர் மேலும் கனத்தது. மற்றதும் வந்திருந்தது. உமி அவன் விரல்களிலும் ஊதாப்பூக்களின் மேலும் விழுந்துகொண்டிருந்தது. வெளியே யாருக்கோ இருமல் வந்தது. அவர் அதைத் துண்டுக்குள் அடக்கிக்கொண்டார்.