கோலத்துக்கு விட்ட இடம்

தங்கபாண்டி எதை வாங்கினாலும் கடைக்காரரின் உயிரையும் சேர்த்துத்தான் வாங்குவான். அன்றைக்குத் தேனி கடைவீதியில் அவனிடம் மாட்டிக்கொண்டவர் பெயிண்ட் கடை ஜெபராஜ்.

"வழுக்காத பெயிண்ட் வேணும் அண்ணாச்சி. படகுத் தட்டுக்கு."

வைகை அணையில் தண்ணீர் ஏறிவிட்டால் தங்கபாண்டியின் ஊர்க்காரர்களுக்கு வீடு இக்கரையிலும் வயல் அக்கரையிலும் என்றாகிவிடும். கடலை போட்டவர்கள், வெங்காயம் நட்டவர்கள், களையெடுக்கப் போகிறவர்கள் எல்லாரையும் ஏற்றி இறக்குவது அவனுடைய இரும்புப் படகு. போன மழைக்காலத்தில் ஆட்கள் நிற்கிற அந்தத் தட்டில் வழுக்கி உட்காராதவர்கள் குறைவு. ஊர்க்கூட்டத்தில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். அடுத்த தண்ணீருக்குள் சரி செய்யாவிட்டால் வேறு படகு பார்த்துக்கொள்வார்களாம்.

"டின்லயே கலந்து வர்றது ஒண்ணு இருக்கு, ரப்பர் பொடி போட்டது," என்றார் ஜெபராஜ். "காலுக்கு மெத்துனு இருக்கும். ஆனா டீசல் பட்டா உரிஞ்சிரும். இல்லேன்னா பெயிண்ட்ட அடிச்சு, ஈரத்தோட மணலத் தூவி, காஞ்ச பெறகு மேல இன்னொரு கோட்டிங். அதுதான் உழைக்கும்."

"மணலுன்னா ஆத்து மணலா?"

"அதுல தூசி இருக்கும், ஒட்டாது. சிலிக்கா மணல் தாரேன். பெருசு, நடுத்தரம், பொடி, மூணும் இருக்கு."

மூன்றையும் தனித்தனித் தகரத்தில் ஒட்டிக் காட்டச் சொன்னான். காட்டினார். செருப்பைக் கழற்றிவிட்டு ஒவ்வொரு தகரத்திலும் ஏறி நின்றான். பெருமணல் பாதத்தைப் பிறாண்டியது. பொடிமணல் இருப்பதே தெரியவில்லை.

"பெயிண்ட்ட மிதிச்சுப் பாத்து வாங்குற ஆளு நீ ஒருத்தந்தாம்ப்பா."

"எங்க படகுல செருப்போட ஏற மாட்டாக அண்ணாச்சி. படகோட முன்மூக்குல கோலம் போட்டு, சூடம் காட்டித்தான் முத நடை எடுப்போம். எல்லாருக்கும் வெறுங்காலுதான்."

நடுத்தரத்தை எடுத்துக்கொண்டான். ஜெபராஜ் பொட்டலத்தைக் கட்டிக்கொண்டே சொன்னார். "ஒரு இடம் விடாம தூவு. எங்கன விடுறியோ அங்கனதான் கால் போகும்."

வேலையில் குறை சொல்ல முடியாது. படகைக் கரையேற்றி, பழைய பெயிண்ட்டைச் சுரண்டி, துரு போக உப்புத்தாள் தேய்த்து, டீசல் பிசுக்கைச் சோப்புப் போட்டுக் கழுவிக் காயவிட்டான். மறுபடி துரு பிடிக்காமலிருக்க ரெட் ஆக்சைடு அடித்தான். அதற்கு மேல் சாம்பல் நிறம் அடித்து, காய்வதற்குள் சல்லடையில் மணலைப் போட்டு, விபூதி தூவுகிற பக்தியோடு தூவினான். ஒட்டாத மணலைக் கூட்டித் தள்ளிவிட்டு மேல் கோட்டிங்கும் கொடுத்தான். தண்ணீரை ஊற்றிக்கொண்டு அதன் மேல் குதித்துப் பார்த்தான். கால் பசை போட்டதுபோல் நின்றது.

பிறகுதான் அவன் மனைவி அனுசுயா கோலப்பொடியோடு வந்தாள். கோடு இழுத்தால் பொடியெல்லாம் மணலுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. புள்ளி எது, கோடு எது என்று அவளுக்கே தெரியவில்லை.

"சொறி புடிச்ச மாதிரியில்ல இருக்கு! சாமிக்குக் கோலம் எங்கன போடுறது? மூக்குல மட்டும் ஒரு முறம் அளவுக்கு வழவழன்னு விடுங்க."

படகு கரையில் மூக்கை வைத்துத்தான் நிற்கும். ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் முதலில் மிதிப்பது அந்த இடத்தைத்தான். அது அவனுக்குத் தெரியாதா? ஜெபராஜ் சொன்னதும் காதிலேயே நின்றது. ஆனாலும் ஒரு முறம் அளவுதானே என்று தோன்றிவிட்டது. அந்த இடத்தை மட்டும் சுரண்டி, மழமழவென்று தேய்த்து, பளபளக்கிற காவி எனாமலை அடித்தான். தண்ணீர் ஏறி முதல் நடை எடுத்த வெள்ளிக்கிழமை அனுசுயா போட்ட கோலம் காவியில் எடுப்பாக இருந்தது. பார்த்தவர்கள் எல்லாம் கோலத்தைப் பாராட்டினார்கள். அவனும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றான்.

அன்று சாயங்காலமே ராஜாத்தி விழுந்தாள்.

ராஜாத்தி, அம்மாவாசியின் மனைவி. சர்க்கரை வியாதிக்காரி. வெறுங்காலோடு நடக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லி, அதற்கென்றே செய்கிற மெத்தென்ற எம்.சி.ஆர். செருப்பு எழுதிக் கொடுத்திருந்தார். படகுக்கு வரும்போது அதைக் கையில் எடுத்துக்கொள்வாள். அன்றைக்குக் கால் எரிந்ததால் கழற்றவில்லை. இறங்கப் போனவள் நனைந்த காவியில் கால் வைத்தாள். பக்கவாட்டில் விழுந்து இடது மணிக்கட்டு மடங்கியது.

"செருப்பு! செருப்போட கோலத்த மிதிச்சுட்டா!" என்று கூட்டத்தில் ஒரு குரல் வந்தது. அதற்குப் பிறகு வந்த குரல்கள் எல்லாம் அதையே சொல்லின. சாமி தள்ளிவிட்டதாம்.

தங்கபாண்டி அவளைத் தூக்கப் போனவன், அந்தக் குரலைக் கேட்டதும் ஒரு கணம் நின்றான். அவனுக்கு முதலில் வந்தது நிம்மதி. பாவி, நிம்மதிதான் வந்தது. அடுத்த கணமே வெட்கமாகவும் வந்தது. ஆனால் வாய் திறக்கவில்லை.

ராஜாத்திக்குத் தேனியில் மாவுக்கட்டுப் போட்டார்கள். ஊருக்குத் திரும்பியதும் அம்மாவாசி அந்தச் செருப்பைத் தூக்கி அணைத் தண்ணீருக்குள் எறிந்தார். மஞ்சள் காப்புக் கட்டி விரதம் இருந்து, படகு மூக்கில் விழுந்து தப்புக் கேட்கிற வரைக்கும் வயலுக்கும் போகக் கூடாது, செருப்பும் போடக் கூடாது என்று ராஜாத்திக்கு வீட்டில் உத்தரவு.

தங்கபாண்டி அனுசுயாவிடம் மட்டும் சொன்னான்.

"மதினி செருப்பால விழுகல. நாம விட்ட இடத்துலதான் விழுந்தாக."

அனுசுயா எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். "இப்பப் போயிச் சொன்னா நம்ம படகுல யாரு ஏறுவாக?" என்றாள்.

மீதி மணல் டின்னில் அப்படியே இருந்தது. ஒரு மத்தியானம் அதையும் பிரஷையும் எடுத்துக்கொண்டு படகுக்குப் போனான். மூடியைத் திறந்த பிறகு பயம் பிடித்துக்கொண்டது. இப்போது மணல் தூவினால் ஏன் தூவினாய் என்று கேட்பார்களே? மூடியைப் பழையபடி அழுத்திவிட்டான். அதற்குப் பதிலாக மூக்கில் நின்றுகொண்டு ஏறுகிறவர்களுக்கெல்லாம் கை கொடுத்தான். என்ன பொறுப்பான பிள்ளை என்று ஊரே மெச்சியது.

விரதம் முடிந்து ராஜாத்தி வந்தாள். ஈர மஞ்சள் சேலை, கழுத்தில் தொட்டில் கட்டித் தொங்கவிட்ட கை. பின்னால், அவளோடு சேர்ந்து விரதம் இருந்த அம்மாவாசியும் ஊர்க்காரர்களும். வலது காலை ஊன்றாமல் சாய்ந்து சாய்ந்து நடந்து வந்தாள். பெருவிரலில் துணி சுற்றியிருந்தது. துணியில் நீர் கசிந்திருந்தது.

"காலுல என்ன மதினி?" என்றான் தங்கபாண்டி.

"முள்ளு. ஆற மாட்டேங்குது தம்பி."

சர்க்கரைக்காரியின் காலில் ஆறாத புண் என்றால் என்னவென்று அந்தப் பக்கத்தில் தெரியாதவர்கள் இல்லை. அவன் சின்னம்மாவுக்கு முழங்காலோடு எடுத்தார்கள்.

ராஜாத்தி சூடத்தை ஏற்றி, மாவுக்கட்டை ஒதுக்கி வைத்துக்கொண்டு கரையிலேயே மண்டியிட்டாள். "தெரியாம மிதிச்சுட்டேன் ஆத்தா, என் தப்ப மன்னிச்சிரு" என்று நெற்றியைக் கோலத்தில் வைத்தாள்.

"எந்திரிங்க மதினி!" தங்கபாண்டி அவள் தோளைப் பிடித்து நிமிர்த்தினான். "தப்பு உங்க மேல இல்ல. எல்லா எடத்துலயும் மணலத் தூவிட்டு இங்கன மட்டும் வழுக்க விட்டது நாந்தான். தெரிஞ்சுதான் விட்டேன்."

 அம்மாவாசி அவன் தோளைத் தட்டினார். "பெரிய மனசுப்பா உனக்கு. பொம்பள பழிய உன் தலையில தூக்கிப் போட்டுக்கிற பாரு."

"ஆமாமா," என்றார்கள் நாலைந்து பேர்.

தங்கபாண்டிக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. இத்தனை நாள் சொல்லாமல் இருந்ததற்குத் தண்டனையாக, சொன்னாலும் நம்ப மாட்டேன் என்கிறார்களே! வாளியில் தண்ணீரை மோந்து காவியின் மேல் ஊற்றினான். சூடம் அணைந்தது, கோலம் கரைந்து ஓடியது.

"அண்ணே, நீங்க வெறுங்காலோடதான இருக்கீக. விரதமும் இருந்திருக்கீக. ஏறி நில்லுங்க."

அம்மாவாசி சிரித்துக்கொண்டே வேட்டியை மடித்துக் கட்டி ஏறினார். இரண்டாவது காலை எடுத்து வைப்பதற்குள் முதல் கால் போய்விட்டது. தங்கபாண்டி மட்டும் இடுப்பைப் பிடித்திருக்காவிட்டால் அவருக்கும் மாவுக்கட்டுதான். கூட்டத்தில் யாரும் சிரிக்கவில்லை. அம்மாவாசி இறங்கி, கரையில் கிடந்த தன் செருப்பை மாட்டிக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் நின்றார்.

ராஜாத்தி எழுந்தாள். நெற்றியில் கோலப்பொடி ஒட்டியிருந்தது. அவள் தன் புருஷனைப் பார்க்கவில்லை. தங்கபாண்டியைத்தான் பார்த்தாள்.

"இதே வாளித் தண்ணிய அன்னைக்கே ஊத்தியிருந்தா, என் செருப்பு என் காலுல கெடந்திருக்கும்லப்பா?"

அவன் படகிலேயே கிடந்த மணல் டின்னைத் திறந்து, மணலைக் கை கையாக அள்ளி அந்தக் காவியின் மேல் கொட்டினான். ராஜாத்தி அதைப் பார்த்துக்கொண்டு நிற்கவில்லை. துணி சுற்றிய காலைத் தூக்கித் தூக்கி வைத்து, சரளைக் கற்கள் கிடக்கிற மேட்டில் வீட்டைப் பார்த்து ஏறிக்கொண்டிருந்தாள்.