இருபதாயிரம் பொய் நோயாளிகள்

போன மாதம் கதிர்வீச்சு சிகிச்சைக்கு முன்பதிவு திறந்த அன்று, அசுன்சியோன் நகரத்து அரசு ஆஸ்பத்திரியின் இணையதளம் திறந்த கையோடு படுத்துவிட்டது. ருமில்தாவின் அக்கா நின்ஃபா மதியம்வரை கைபேசியைத் தேய்த்துத் தேய்த்து ஓய்ந்தாள். இடம் கிடைக்கவில்லை. இன்னொரு மாதம் தள்ளினால் கட்டி பரவிவிடும் என்று டாக்டர் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டார்.

அந்தத் தளத்தைப் பராமரிக்கும் கம்பெனியில்தான் ருமில்தாவுக்கு வேலை. இந்தத் தடவை அது விழவே கூடாது என்று வரிந்து கட்டிக்கொண்டு இறங்கினாள். தளத்துக்கு ஒரு நகல் செய்தாள். கண்டெய்னர் எனப்படும், தனித்தனியாக ஓடும் இருபது குட்டி நிரல் பெட்டிகளைப் பல சர்வர்களில் பரப்பி, ஒவ்வொன்றையும் ஆயிரம் நோயாளிகளாக வேடம் கட்ட வைத்தாள். தினமும் காலை ஏழு மணிக்கு அத்தனை பொய் நோயாளிகளும் நகலின் மேல் பாய்ந்து இடம் பிடிப்பார்கள். இது நகல்தான் என்று அடையாளம் காட்ட அவளே அதற்கு ஒரு டிஜிட்டல் சான்றிதழும் போட்டிருந்தாள். அதைக் காட்டாத எந்தத் தளத்தோடும் கண்டெய்னர்கள் ஒரு வார்த்தை பேசாது.

வியாழக்கிழமை அந்தச் சனியன் பிடித்த சான்றிதழில் ஏதோ கோளாறு. கண்டெய்னர்கள் நகலோடேயே பேச மறுத்தன. நின்ஃபாவை ஸ்கேனுக்குக் கூட்டிப்போகும் நேரம் வேறு ஆகிவிட்டது.

"சான்றிதழ் சரிபார்ப்பை இப்போதைக்கு ஆஃப் பண்ணிட்டுக் கெளம்பு ருமி" என்றான் பக்கத்து நாற்காலி டெர்லிஸ், தெரெரே என்ற குளிர்ந்த மூலிகைத் தேநீர்க் குவளையை நீட்டியபடி. "நம்ம நகல்தானே, திருடனா வரப்போறான்?"

"பண்ணிட்டேன். நாளைக்குத் திரும்ப ஆன் பண்ண ஞாபகப்படுத்து."

"என்கிட்டயா சொல்றே? பொண்டாட்டி பொறந்தநாளையே மறந்து அடி வாங்கினவன் நான்."

மறுநாள் இரண்டு பேருமே மறந்தார்கள்.

ஞாயிறன்று மேலாளர், நகல் இவ்வளவு நன்றாகத் தாங்குகிறதே என்று அதையே நிஜத் தளமாக்கிவிட்டார். நகலின் அதே முகவரி, புதுச் சான்றிதழ். நல்ல எண்ணம்தான். இவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

திங்கள் காலை ஏழு மணிக்கு முன்பதிவு திறந்தது. ருமில்தா கண் சிமிட்டுவதற்குள் அத்தனை இடமும் நிரம்பிவிட்டது. டெர்லிஸ் திரையில் பெயர்களைப் பார்த்தான். அவன் வாயில் கேலி வரவில்லை.

"ருமி, இது நம்ம பொய் ஆளுங்க. சரிபார்ப்பைத் திரும்ப ஆன் பண்ணவே இல்லியே நாம."

அவள் கண்டெய்னர்களை நிறுத்தி, பொய்ப் பதிவுகளை அழித்து, இடங்களைத் திரும்பத் திறந்துவிட்டாள். உடனே அக்காவுக்குப் போன் போட்டாள். போன் அணைந்திருந்தது. திரும்பத் திரும்பப் போட்டாள்.

"நீயே அவங்க பேர்ல ஒண்ணைப் புடிச்சுடேன்" என்றான் டெர்லிஸ்.

"பதிவு பண்ண அவ போனுக்கு வர்ற ஓடிபி நம்பர் வேணும்டா."

புரோக்கர்கள் புகுந்துவிடக் கூடாதென்று அந்தக் கட்டுப்பாட்டைச் சண்டை போட்டு வைத்தவளே அவள்தான். பொய் நோயாளிகளுக்கு மட்டும் அதிலிருந்து விலக்குக் கொடுத்திருந்தாள். இடங்கள் அவள் கண்முன்னே தீர்ந்தன. விடாமல் முயன்ற யார் யாருக்கோ போய்ச் சேர்ந்தன. அவர்கள் மேல் கோபப்படக்கூட அவளுக்கு வழியில்லை.

எல்லாம் முடிந்தபின் நின்ஃபாவே கூப்பிட்டாள்.

"போனை அணைச்சுட்டுக் கொஞ்சம் படுத்துட்டேன்டி. திறந்ததுமே இடமில்லேன்னு சொல்லிடுச்சு. ஆனா ஒண்ணு, உன் தளம் இந்தத் தடவை அசையவே இல்ல. நீ பட்ட பாடு வீண் போகல."

"அக்கா..."

"அழுறியா என்ன? எனக்கு முன்னாடி நின்னவங்களுக்கும் புள்ளகுட்டி இருக்கும்ல. அவங்களாவது பொழைக்கட்டும்."

சொல்லாமல் விட்டால் அக்கா அந்த நிம்மதியோடாவது இருப்பாள் என்று ருமில்தாவுக்குத் தோன்றியது. ஆனால் அந்தப் பாராட்டை வாங்கிக்கொள்ள அவளால் முடியவில்லை.

"உனக்கு முன்னாடி யாருமே நிக்கலக்கா. நான்தான் நின்னேன்."