அடுப்படியில் உட்கார்ந்த எல்லைக்கல்

நகரிக்குத் தெற்கே தணிகாசலத்தின் நிலத்தில், வீட்டுக்குத் தென்புறம் நின்ற எல்லைக்கல், முந்தின வருஷம் ஆடி மூன்றாம் வெள்ளியன்று நூற்றிருபது அடி நடந்து அவர் வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்தது. மதராஸ் மாகாணத்தைப் பிரித்த பிறகு நட்ட கல். அதற்கு வடக்கே ஆந்திரா, தெற்கே தமிழ்நாடு. கல்மேல் தப்பில்லை. எங்கள் ஊரில் அதற்கு மஞ்சள் பூசி, ஆடி வெள்ளிதோறும் கேழ்வரகுக் கூழ் ஊற்றுவது வழக்கம். சர்க்கார் கல்லுக்குக் கூழா என்று அசலூர்க்காரர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். அந்த ஆடியில் தணிகாசலத்தின் மனைவி பிரமிளா வரப்பில் வழுக்கிக் காலை முறித்துக்கொண்டு புத்தூர்க் கட்டோடு கிடந்தாள். இரண்டு வெள்ளி கல் பட்டினி. மூன்றாம் வெள்ளி, வடக்கு வாசல்படியிலேயே செம்பை வைத்து, "பசிச்சா நீயே வந்து குடிச்சிக்கோ சாமி" என்றாள். கல் பின்கட்டு வழியே நேராக வீட்டுக்குள் புகுந்து வாசலுக்கு வந்தது, குடித்தது, திரும்பிப் போகவில்லை.

ஆக, வீடு தமிழ்நாட்டுக்குப் போய்விட்டது. ஆடுகளுக்கு முதுகு தேய்க்க இடம் கிட்டே வந்ததென்று ஊரார் அத்தோடு விட்டுவிட்டார்கள். ஆனால் தணிகாசலத்தின் மகள் காவ்யாவுக்குத் திருப்பதியில் நர்சிங் சீட்டு கிடைத்திருந்தது. ஆந்திராவில் குடியிருக்கிறாள் என்ற சான்றைப் பத்து நாளில் கொடுக்காவிட்டால் சீட்டு போய்விடும். கிராம அதிகாரி சிரஞ்சீவி நல்ல மனுஷர்தான். "கல்லைத் தாண்டி நான் சந்தகம், அதான் கையெழுத்து, போட முடியாது அண்ணா, நீங்க இப்போ தமிழ்நாடு" என்று கையை விரித்துவிட்டார். ஜே.சி.பி. வைத்து இழுத்ததில் இரும்புச் சங்கிலிதான் அறுந்தது. ஒன்பதாம் நாள் காவ்யாவே சொன்னாள்: "இழுத்தா வராது நைனா. அம்மா கூப்ட்டுதானே வந்துச்சு? அம்மாவே கூப்புடட்டும்."

பிரமிளாவைக் கட்டிலோடு தூக்கிப்போய்ப் பழைய இடத்தில் இறக்கினார்கள். "இங்க வா சாமி, பொண்ணு படிக்கணும்" என்று கூழ்ச்செம்பைக் காட்டினாள். கல் கிளம்பியது. எல்லைக்கல்லுக்கு வளைந்து போகத் தெரியாது; முன்வாசலில் நுழைந்து, கூடத்தைக் கடந்து, பின்கட்டுச் சமையலறைக்குள் போனது. அடுப்பில் மிச்சக் கூழ் கொதித்துக்கொண்டிருந்தது. அங்கேயே உட்கார்ந்துவிட்டது. தொண்டை வறளக் கூப்பிட்டும் அசையவில்லை. தணிகாசலம் சிரஞ்சீவியைக் கூட்டிவர ஓடினார்.

சிரஞ்சீவி டேப்போடு வந்து அளந்தார். "பொண்ணு எங்க படுத்துக்குது?"

"கூடத்துலதான் சார்."

"அப்போ ஆந்திரா" என்று அரிசி மூட்டைமேல் தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டார். தணிகாசலம் கல்லைக் கட்டிக்கொண்டு அழுதார், சட்டையெல்லாம் மஞ்சள்.

காவ்யா இப்போது இரண்டாம் வருஷம். பிரமிளாவின் கால் கூடிவிட்டது, ஆனாலும் கூழ்ச்செம்போடு வரப்புக்குப் போகிற வேலை அவளுக்கு இல்லை. அந்த வீட்டில் தமிழ்நாட்டில் சமைத்து, ஆந்திராவில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள்.