பதினேழு எழுந்து நின்றால்

"இடது கண்ணை மூடிக்குங்க. மேல் வரியைப் படிங்க. சனிக்கிழமை முதல் ஆட்டம், தெரியுமில்ல? இப்ப வலது கண்ணு."

ஹாக்கி பருவம் தொடங்க ஐந்து நாள் இருந்தது. அந்தத் திங்கட்கிழமை கண்ணாடிக் கடைக்கு வந்த யாரும் இந்தச் செய்தியைக் கேட்காமல் தப்பவில்லை. பதினெட்டு வருஷமாக அந்தக் கடையில் கண் பரிசோதிப்பதும், லென்ஸ் அறுத்து ஃபிரேமில் பொருத்துவதும் அவள்தான். வந்தவருக்குக் கிட்டப்பார்வையா தூரப்பார்வையா என்று தெரிவதற்கு முன்பே, இந்த வருஷம் பச்சைச் சட்டை அணிக்குப் புது கோல்கீப்பர் வந்திருக்கிறான் என்பது தெரிந்துவிடும்.

"கோப்பை இந்தத் தடவை நமக்குத்தான்" என்றாள்.

"போன வருஷமும் இதையேதானே சொன்னீங்க?" என்றார் கடை முதலாளி, உள்ளே இருந்தபடி.

"போன வருஷம் கோல்கீப்பர் சரியில்ல."

"அதுக்கு முந்தின வருஷம்?"

"அம்பயர் சரியில்ல."

பதினோரு வருஷமாக இப்படித்தான். கணவர் இறந்த பிறகு இரண்டு வருஷம் விடுமுறை நாட்கள் எல்லாம் சுவரைப் பார்த்தபடி கழிந்தன. ஒரு நாள் கடைக்கு வந்த ஒருவர், தன்னால் போக முடியவில்லை என்று ஒரு டிக்கெட்டைக் கொடுத்துவிட்டுப் போனார். ஹாக்கியில் எத்தனை பேர் ஆடுவார்கள் என்று கூட அவளுக்கு அப்போது தெரியாது. ஆனால் சாயங்காலம் திரும்பி வந்தபோது தொண்டை கட்டியிருந்தது, ஒரு செருப்பின் வார் அறுந்திருந்தது, முகத்தில் சிரிப்பு இருந்தது. பதினோரு வயது மகள் கதவைத் திறந்துவிட்டு, "அம்மா, உனக்கு என்ன ஆச்சு?" என்று பயந்தே போனாள்.

அடுத்த வாரமே கூரை போட்ட பக்கம், ஐந்தாம் வரிசை, பதினாறாம் இருக்கை அவளுடையதாயிற்று. பதினேழாம் இருக்கைக்கு இரண்டு வருஷம் கழித்து அவர் வந்தார்.

அவர் பெயர் அவளுக்குத் தெரியாது. அவள் பெயர் அவருக்கும் தெரியாது. அந்த வரிசையில் யாருக்கும் யார் பெயரும் தெரியாது, இருக்கை எண்தான். லிஃப்ட் பழுது பார்க்கிறவர் என்பதும், மனைவி மக்கள் இல்லை என்பதும், வலது கட்டைவிரல் நகத்தில் எந்தச் சோப்புக்கும் போகாத கறுப்பு எண்ணெய் உண்டு என்பதும் ஒன்பது வருஷத்தில் சிறிது சிறிதாகத் தெரிந்தவை. நான்கு ஆட்டம் வரிசையாகத் தோற்று அவள் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தபோது அவர் சொன்னார்: "பாதியில நின்ன லிஃப்ட்டுல இருக்கிற பட்டனை எல்லாம் அமுக்கக் கூடாதுங்க. கொஞ்சம் பொறுத்தா தானா ஏறும்." ஒரு முறை அவருடைய கண்ணாடிக் கம்பி கழன்று கையோடு வந்துவிட்டது. அவள் கைப்பையிலிருந்து சின்ன ஸ்க்ரூடிரைவரை எடுத்து, இடைவேளை முடிவதற்குள் முடுக்கிக் கொடுத்தாள். "ஹேண்ட்பேக்ல பட்டறையே வச்சிருக்கீங்க" என்றார். அந்த ஒரு வாக்கியத்தை அவள் மூன்று நாள் நினைத்து நினைத்துச் சிரித்தாள்.

ஆட்டம் இல்லாத நான்கு மாதங்களில் அவரைப் பார்க்க வழியே இல்லை. எங்கே போய்த் தேடுவது? எந்தக் கட்டடத்தில் எந்த லிஃப்ட்டுக்குள் இருக்கிறாரோ!

அதனால்தான் அந்தத் திங்கட்கிழமை அவளுக்கு விசேஷமான நாள். பழைய உறுப்பினர்கள் கிளப் அலுவலகத்துக்குப் போய், இருக்கைப் புத்தகத்தில் தங்கள் எண்ணுக்கு நேரே கையெழுத்துப் போட வேண்டும். வெள்ளிக்கிழமை ஐந்து மணி வரைதான் நேரம். கையெழுத்து இல்லாத இருக்கைகள் மறுநாள் காலையில் வேறு யாருக்காவது போய்விடும். ஒவ்வொரு வருஷமும் அவள் முதல் நாளே ஓடுவாள். ஒவ்வொரு வருஷமும் அவளுக்கு முன்னால் அவர் போட்டிருப்பார். சுருண்ட ஸ்பிரிங் மாதிரி ஒரு சின்னக் கையெழுத்து. அதற்கு மேல் வரியில் தன் கையெழுத்தைப் போடும்போது, நான்கு மாதப் பிரிவு அந்த இடத்தில் முடிந்தது போல அவளுக்கு இருக்கும்.

இந்த வருஷம் பதினேழுக்கு நேரே வெறும் கோடுதான் இருந்தது.

"என்ன பதினாறு, பேனா எழுதலையா?" என்றார் கிளார்க். முப்பது வருஷமாக அங்கே இருக்கிற அவருக்கும் எல்லோரும் எண்கள்தான்.

"எழுதுதுண்ணே, எழுதுது." கையெழுத்தைக் கோணலாகப் போட்டுவிட்டு வந்தாள்.

புதன்கிழமை மறுபடி போனாள். வீட்டு விலாசம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க வந்ததாகச் சொன்னாள். விலாசம் பதினோரு வருஷமாகச் சரியாகத்தான் இருந்தது. பதினேழு காலி. வியாழக்கிழமை, கையெழுத்துக் கோணலாக இருக்கிறதே, செல்லுமா என்று கேட்கப் போனாள்.

கிளார்க் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "ஏம்மா, பதினேழைத் தேடி வந்தா நேரா கேட்க வேண்டியதுதானே? மூணு நாளா எனக்கு நாடகம் காட்டுறீங்க."

"நான் எதுக்குத் தேடணும்? சும்மா... உடம்பு கிடம்பு சரியில்லையோன்னு."

"உடம்புக்கு என்ன, கல்லு மாதிரி இருக்காரு. திங்கக்கிழமை நான் கதவைத் திறக்கறதுக்கு முன்னாடியே வந்து நின்னாரு. ஆனா எதிர்ப் பக்கத்துக்கு மாறிக்கிட்டாரு. மூணாவது வரிசை, நாற்பது."

எதிர்ப் பக்கம் கூரை இல்லாத பக்கம். சாயங்கால வெயில் நேரே கண்ணில் அடிக்கும். சீட்டு கிடைக்காதவர்கள்தான் அங்கே போவார்கள்.

"அங்க போய் யாராவது உட்காருவாங்களா?"

"நானும் அதையேதான் கேட்டேன். டீமோட நல்லதுக்குன்னு சொன்னாரு. தன்னோட ராசி அந்தப் பக்கத்துல சரியில்லையாம், யாரோ விவரம் தெரிஞ்சவங்க சொன்னாங்களாம்."

அந்த விவரம் தெரிந்தவள் யார் என்று அவளுக்கு அந்த நொடியே நினைவுக்கு வந்தது. காது சூடேறியது.

போன பருவத்தின் கடைசி ஆட்டம். சமன் செய்தாலே கோப்பை. பதினேழு பதற்றத்தில் எழுந்து நின்றார், பச்சைச் சட்டை ஒரு கோல் வாங்கியது. உட்கார்ந்தார், இரண்டு கோல் திருப்பிப் போட்டோம். மறுபடி எழுந்தார், மறுபடி வாங்கினோம். கடைசி நிமிஷத்தில் மூன்றாவது முறை எழுந்தார். அவ்வளவுதான். அவள்தான் வரிசையே கேட்கக் கத்தினாள்: "ஐயோ, உட்காருங்க சார்! உங்க ராசிதான் டீமைக் கவுக்குது! அடுத்த வருஷம் எதிர்ப் பக்கம் போயிடுங்க, கோப்பை தானா வரும்!" எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். தோற்ற துக்கத்தில் அவள் சொன்னதையும் மறந்தாள், விடைபெறவும் மறந்தாள்.

அவர் மறக்கவில்லை. கோபித்துக்கொண்டு போயிருந்தால் கூடப் பரவாயில்லை. நம்பிக்கொண்டல்லவா போயிருக்கிறார்!

வீட்டில் மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மழலையர் பள்ளியில் டீச்சராகச் சேர்ந்ததிலிருந்து அம்மாவிடமும் அதே குரலில் பேசுவது அவளுக்குப் பழக்கமாகிவிட்டது.

"எழுந்து நின்னா கோல் விழுமாம்மா? எங்க கிளாஸ்ல நாலு வயசு வாண்டுங்ககூட இதை நம்பாதுங்க."

"உனக்கு ஹாக்கி தெரியாது. மூணு தடவை நின்னாரு, மூணு தடவை விழுந்துச்சு. கண்ணால பார்த்ததைத்தானே சொன்னேன்?"

"சரி, இப்ப என்ன குறை? அவர் அந்தப் பக்கம், கோப்பை இந்தப் பக்கம். நீ கேட்ட மாதிரியே நடந்திருக்கு."

துவைத்த பச்சைச் சட்டையை அம்மா மடித்தாள். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தாள்.

மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "கோப்பை வேணுமா, பதினேழு வேணுமா? கையைத் தூக்கிட்டுச் சொல்லணும்."

"ரெண்டும்தான் வேணும்" என்றாள் அம்மா, கையைத் தூக்காமலே.

"ஒன்பது வருஷமா பக்கத்துல உட்கார்ந்து அம்பயரை மட்டும் திட்டிட்டு வந்திருக்க. அந்த மனுஷன்கிட்ட ஒரு வார்த்தை ஒழுங்கா பேசியிருக்கியா?"

"பேசாம என்ன? பெனால்டி கார்னர் பத்தி நிறையப் பேசியிருக்கோம்."

"ஆகா, எவ்வளவு ரொமான்ஸ்!" என்று மகள் எழுந்து போய்விட்டாள். சிரிப்பு மட்டும் அடுத்த அறையிலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தது.

எதிர்ப் பக்கத்துக்குத் தானும் மாறிவிடலாம் என்று அவளுக்குத் தோன்றாமல் இல்லை. ஆனால் எந்த முகத்தோடு போவது? அணியின் நன்மைக்காக நிழலை விட்டுக்கொடுத்த மனிதரிடம் போய், "டீம் கிடக்குது, நான் வந்துட்டேன்" என்றா சொல்வது? அப்படிச் சொன்னால் அவர் மனதில் அவள் மதிப்பு என்ன ஆகும்! நல்ல ரசிகை சொல்கிற பேச்சா அது?

வெள்ளிக்கிழமை நான்கு மணிக்கு ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர் கண் பரிசோதனைக்கு வந்தார். வாழ்நாளில் எதையும் சரிபார்க்காமல் ஒப்புக்கொள்ளாதவர் என்பது முதல் லென்ஸிலேயே தெரிந்தது.

"இது தெளிவா இருக்கா, இதுக்கு முன்னாடி போட்டதா?"

"முன்னாடி போட்டதை மறுபடி போடு. ம்ம். இப்ப இது. இல்ல, மறுபடி அது."

நான்கரை ஆயிற்று. அவள் ஏழு லென்ஸ் மாற்றிவிட்டாள். கடிகாரத்தைப் பார்க்காமல் இருக்க முயன்று, அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கடைசி வரி கலங்கலாவே இருக்கே" என்றார் வாத்தியார். பிறகு நாற்காலியில் நிமிர்ந்தார். "அட, இப்ப தெரியுது! லென்ஸ்ல ஒண்ணும் தப்பில்லம்மா. நான்தான் தலையைச் சாய்ச்சு உட்கார்ந்திருக்கேன். முதல்ல போட்டியே, அதுவே போதும்."

அவள் கையில் லென்ஸோடு அப்படியே நின்றாள்.

"சார், இன்னொரு தடவை சொல்லுங்க."

"முதல் லென்ஸே போதும்னேன்."

"அது இல்ல சார். தப்பு இதுல இல்லேன்னு சொன்னீங்களே! கரெக்ட் சார்! நூத்துக்கு நூறு!"

முதலாளியிடம் வாத்தியாரை ஒப்படைத்துவிட்டு, வெள்ளைக் கோட்டைக் கூடக் கழற்றாமல் தெருவில் இறங்கி ஓடினாள். பேருந்துக்காக நிற்க நேரமில்லை. தபால் நிலையம், ரொட்டிக் கடை, பள்ளிக்கூடத்துச் சுவர் எல்லாவற்றையும் தாண்டி அவள் அலுவலகப் படியேறியபோது கிளார்க் புத்தகத்தை மூடிக்கொண்டிருந்தார்.

"மூடாதீங்கண்ணே! எதிர்ப் பக்கம்... மூணாவது வரிசை... நாற்பத்தொண்ணு காலியா?"

"மூச்சை விட்டுட்டுப் பேசுங்கம்மா. அங்க எல்லாமே காலிதான்." அவர் கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டு நிமிஷம் இருந்தது. "நல்லா யோசிச்சீங்களா? பதினாறை விட்டா நாளைக்குக் காலையில வேற ஆளு வந்துடும். அப்புறம் நிழலு வேணும்னு என்கிட்ட வந்து அழக்கூடாது."

"அழமாட்டேன்."

பதினாறை அடித்துவிட்டு, நாற்பத்தொன்றுக்கு நேரே கையெழுத்துப் போட்டாள். அதற்கு மேல் வரியில் சுருண்ட ஸ்பிரிங் இருந்தது. இந்த முறை கையெழுத்து கோணவில்லை.

சனிக்கிழமை காலையில் கடைக்குச் சீக்கிரமே போய், கறுப்பு லென்ஸ் இரண்டை அறுத்தாள். கண்ணாடியின் மேல் மாட்டிக்கொள்கிற மாதிரி கிளிப் வைத்தாள். அவருடைய ஃபிரேமின் அளவு எந்தத் தாளிலும் எழுதியிருக்கவில்லை. இடைவேளையில் ஒரு முறை கையில் வாங்கியதுதான். ஆனாலும் அவளுக்கு அது நன்றாகத் தெரிந்திருந்தது.

மாலை நான்கு மணிக்கு எதிர்ப் பக்கத்தில் அவர் தனியாக உட்கார்ந்திருந்தார். கையைப் புருவத்தின் மேல் வைத்து, எதிரே கூரையின் நிழலில் ஐந்தாம் வரிசையைக் கண்ணைச் சுருக்கித் தேடிக்கொண்டிருந்தார். அங்கே பதினாறாம் இருக்கையில் மீசை வைத்த யாரோ ஒருவர் கடலை கொறித்துக்கொண்டிருந்தார்.

"நான் இங்க இருக்கேன்" என்றாள்.

அவர் திடுக்கிட்டுத் திரும்பினார். முகம் மலர்ந்தது. உடனே கவலை வந்து மூடியது. "நீங்க ஏங்க இங்க? நான் டீமுக்காகத்தானே..."

"அந்தக் கணக்கு தப்புங்க." அவள் நாற்பத்தொன்றில் உட்கார்ந்தாள். "நல்லா யோசிச்சுப் பாருங்க. எல்லா ஆட்டத்துலயும் பதினேழுலதான் உட்கார்ந்தீங்க. நாம ஜெயிச்ச ஆட்டமும் இருக்குல்ல? அப்ப இருக்கை மேல தப்பில்ல. உங்க ராசி மேலயும் தப்பில்ல. எழுந்து நிக்கிறீங்களே, அதுதான் தப்பு."

அவர் ஆழமாக யோசித்தார். லிஃப்ட் ஏன் நின்றது என்று பார்க்கிறவரின் முகம் அது. "ஆமா" என்றார் மெதுவாக. "சரியாத்தான் இருக்கு. ஆனா நான் எழுந்திரிக்கிறது எனக்கே தெரியாதுங்களே. அது தானா வருது."

"அதுக்குத்தான் பக்கத்துல ஒரு ஆள் வேணும்கிறேன். சட்டையைப் பிடிச்சு இழுத்து உட்கார வைக்க."

"பருவம் முழுக்கவா?"

"பருவம் முழுக்க. அதுக்கப்புறம் அந்த நாலு மாசமும் ஏதாவது ஒரு வழி பண்ணணும். இந்த வருஷம் ரொம்ப நீளமாப் போச்சு."

அவருடைய காதுமடல் சிவந்தது. வெயில்தான் என்று சொல்லித் தப்பிக்கலாம், வெயிலும் இருந்தது. அவள் கைப்பையைத் திறந்து கறுப்புக் கிளிப்பை எடுத்து நீட்டினாள். அவர் அதைத் தன் கண்ணாடியின் மேல் மாட்டினார். அச்சில் வார்த்தது போலப் பொருந்தியது.

"அளவு எப்படித் தெரியும்?"

"நான் என்ன, ஆட்டத்தை மட்டும்தான் பார்த்தேன்னு நினைச்சீங்களா?"

பச்சைச் சட்டைக்காரர்கள் மைதானத்துக்குள் ஓடி வந்தார்கள். புது கோல்கீப்பர் கம்பங்களைத் தட்டிப் பார்த்தான். நனைந்த புல்விரிப்பின் வாசனை வெயிலோடு சேர்ந்து வந்தது. இன்னும் ஒரு கோலும் வாங்கவில்லை, ஒரு புள்ளியும் இழக்கவில்லை. ஒலிபெருக்கியில் அணியின் பெயரைச் சொன்னதும், பதினேழாக இருந்து நாற்பதாகிவிட்ட அவர் தன்னையறியாமல் பாதி எழுந்தார்.

அவள் அவருடைய சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள்.

"இன்னும் ஆட்டமே ஆரம்பிக்கலீங்களே!"

"இப்பவே பழகிக்கணும்."

அவர் உட்கார்ந்தார். கிளிப்பைச் சரிசெய்துகொண்டார். பிறகு, "உங்க பேரு கூட எனக்குத் தெரியாது" என்றார்.

"முதல் கால் பகுதி முடியட்டும், சொல்றேன்" என்றாள் அவள். "பந்தைப் பாருங்க. கோப்பை இந்தத் தடவை நமக்குத்தான்."

அம்பயர் விசிலை உதட்டுக்குக் கொண்டுபோனார். நாற்பது உட்கார்ந்துதான் இருந்தார். ஆனாலும் சட்டைக் கையிலிருந்து அவள் கையை எடுக்கவில்லை.