அலுமாரிக்குள் ஆள் இல்லை

வெள்ளிக்கிழமை கிளினிக்கில் டொக்டரம்மா சொன்ன முதல் வசனத்தோடு என் புருஷன் ஒஸ்வால்டின் காது அடைத்துவிட்டது. "இரத்தத்தில வைரஸ் காணக்கிடைக்கேல்லை." அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவ சொன்னதையெல்லாம் நான் ஒருத்திதான் கேட்டேன். எச்.ஐ.வி. போய்த் தொலையவில்லை. சில செல்களுக்குள்ளே புகுந்து நித்திரை கொள்கிறது. நித்திரையாக இருப்பதை மருந்தும் தொடாது, பரிசோதனையும் காணாது. தினமும் போடுகிற மருந்துக் குளிசையை விட்டால் சில கிழமைகளிலேயே எழும்பிப் பெருகிவிடும். இவர் அந்த நேரம் கண்ணை மூடிப் புனித அந்தோனியாருக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தார்.

நோய் எப்படி வந்தது என்று நான் கேட்டு, அழுது, மூன்று மாதம் கதைக்காமல் இருந்து முடித்தாயிற்று. அது வேறு கதை. இரண்டாயிரத்து ஐந்தில் முப்பத்தெட்டுக் கிலோவாகப் பாயோடு கிடந்தவரை, இரண்டு வருஷத்தில் பழையபடி துறைமுகத்து வேலைக்கு அனுப்பியது இந்தக் குளிசைதான். இவருடைய எண்ணத்திலோ எல்லாம் கொச்சிக்கடைக் கோயில் அந்தோனியார் செய்த புதுமை, அற்புதம். சுகம் வந்தால் குளிசைப் போத்தலை அவர் காலடியில் வைப்பதாக எனக்குத் தெரியாமல் நேர்ந்திருக்கிறார். வருகிற செவ்வாய் வைக்கப்போகிறாராம்.

"சுகமான பிறகும் குளிசை போட்டா, அந்தோனியாரை நம்பேல்ல எண்டுதானே மெற்றில்டா அர்த்தம்?" என்று என்னிடமே நியாயம் வேறு.

ஞாயிறு காலை எட்டு மணிக்குக் குளிசைக்கான அலாரம் அடித்தது. ஒஸ்வால்ட் அதன் தலையில் ஒரு தட்டுத் தட்டி நிறுத்திவிட்டு, பூசைக்குப் போகச் சேர்ட்டை அயன் பண்ணத் தொடங்கினார். குளிசை மேசையிலேயே கிடந்தது. சத்தம் போட்டுப் பார்த்தேன், கெஞ்சியும் பார்த்தேன். மனுசன் மசியவில்லை.

அப்போதுதான் எங்கள் கொட்டாஞ்சேனை ஒழுங்கைக்குள் பொலிஸ் ஜீப் வந்து நின்றது. யுத்த காலத்துக் கொழும்பில், எந்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று பதிந்து பார்க்கிற வேலை.

எங்கள் வீட்டில் ஒரு சிக்கல் இருந்தது. அதன் பெயர் நாகேந்திரம். கனடா விசாவுக்காக யாழ்ப்பாணத்திலிருந்து "மூண்டு கிழமைக்கு" என்று வந்தவர், எட்டாவது மாதமும் எங்கள் முன்னறையில்தான் படுக்கிறார். வடக்கிலிருந்து வருகிறவர்கள் வைத்திருக்க வேண்டிய பொலிஸ் பதிவுத் துண்டு அவருக்குக் காலாவதியாகி நாலு நாள்; பிடித்தால் உள்ளேதான். ஜீப் சத்தம் கேட்டதும் ஆள் சாரத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிப்போய், எங்கள் கல்யாண உடுப்பு தொங்குகிற அலுமாரிக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். நாளுக்கு ஏழு தரம் பால் விடாத ரீ கேட்கிற வாய் அது. தும்மல் வேறு போர் விமானம் மாதிரி. பூச்சி உருண்டை வாசத்துக்குள் அது எத்தனை நிமிஷம் தாங்கும் என்று எண்ணிக்கொண்டே வாசல் கதவைத் திறந்தேன்.

பொலிஸ்காரர் இருவர் கட்டிலுக்குக் கீழே பார்த்தார்கள், குசினியில் பார்த்தார்கள், கோழிக்கூட்டுக்குள்ளும் எட்டிப் பார்த்தார்கள்.

"வென கவுருத் இன்னவத?" வேறு யாரும் இருக்கிறார்களா என்று இருவரில் பெரியவர் சிங்களத்தில் கேட்டார்.

"கவுருவத் நே மாத்தயா", ஒருவரும் இல்லை ஐயா, என்றார் ஒஸ்வால்ட். குரல் கீச்சென்று வந்தது.

பொலிஸ்காரர் சுற்றிவரப் பார்த்தார். எழுத ஓர் இடம் வேணும். நேரே போய் அலுமாரிக் கதவில் படிவத்தை வைத்து அழுத்தி, 'இருவர் மட்டும்' என்று சிங்களத்தில் எழுதிக் கையெழுத்தும் போட்டார். உள்ளே ஒரு மூச்சுக்கூட இல்லை. ஆளில்லாத அலுமாரி என்று நானே நம்பிவிட்டேன்.

ஜீப் ஒழுங்கை முனை திரும்பியதும் ஒஸ்வால்ட் படிவத்தின் பிரதியை உயர்த்திக் காட்டினார். "பாத்தியா? வேற ஆள் இல்லையெண்டு எழுதித் தந்திட்டாங்கள்!"

அலுமாரிக் கதவு கிரீச்சென்றது. முதலில் ஒரு தும்மல் வந்தது. பிறகு ஒரு கால். பிறகு என் கூறைச் சேலை தோளில் மாட்டியபடி முழு நாகேந்திரம்.

"தங்கச்சி, ஒரு பிளேன்ரீ. சீனி கொஞ்சம் கூட."

ஒஸ்வால்டின் கை அந்தரத்திலேயே நின்றது. சேர்ட் பையில் வைரஸ் காணவில்லை என்ற கிளினிக் துண்டு, கையில் பொலிஸ் துண்டு. நான் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தேன்.

"தேடினவன் காணேல்லை. எழுதியும் தந்திட்டுப் போயிட்டான். ஆள் போயிட்டாரா?" என்றேன்.

எங்கள் வீட்டு வியாதி தெரியாத நாகேந்திரம், தன்னைத்தான் சொல்கிறேன் என்று முகம் சுருங்கினார். "நான் எங்க தங்கச்சி போறது? சத்தம் போடாம இருந்தனான், அவ்வளவுதான். அவங்கள் போனா வெளியில வருவன்தானே?"

அதைவிட நன்றாக டொக்டரம்மாவாலும் சொல்லியிருக்க முடியாது. எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. "எனக்கு நீங்க வேணும் ஒஸ்வால்ட்" என்று நாகேந்திரத்துக்கு முன்னாலேயே சொல்லிவிட்டேன். "அந்தோனியாருக்கு வெறும் போத்தலைக் குடுங்க. ஒவ்வொரு மாசமும் ஒண்டு குடுங்க. அவர் கோவிக்கமாட்டார்."

ஒஸ்வால்ட் மேசையில் கிடந்த குளிசையை எடுத்து வாயில் போட்டு, கதையோடு கதையாக நாகேந்திரத்துக்கு நான் ஊற்றி வைத்திருந்த பிளேன்ரீயை எடுத்து மடமடவென்று குடித்தார்.

"அது என்ர ரீ" என்றார் நாகேந்திரம்.

எட்டு மாதத்தில் முதல் தடவையாக, முணுமுணுக்காமல் அவருக்கு இன்னொன்று போட்டேன், சீனி கொஞ்சம் கூட.