தீக்குச்சி மரம் அடுப்புக்கு ஆகுமா?

டி. கல்லுப்பட்டிக்குத் தெற்கே செல்லக்கிளிக்கும் அவள் புருஷன் தங்கப்பாண்டிக்கும் ஒன்றரை ஏக்கர் உண்டு. வரப்பில் பத்துப் பதினைந்து தீக்குச்சி மரம் நிற்கிறது. ஐப்பசிக் காற்றில் அதில் ஒன்று சாய்ந்துவிட்டது. தீப்பெட்டிக் கம்பெனிக்கு மரம் எடுக்கும் வியாபாரி வந்து பார்த்தார். அடிமரம் பூச்சி அரித்துக் கிடந்தது.

"இது குச்சி சீவ ஆகாதுண்ணே," என்று தங்கப்பாண்டியிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

"வெட்டி ஓடையில தள்ளிருவோம்," என்றான் தங்கப்பாண்டி.

"ஏங்க, தீக்குச்சிக்கு ஆகுறது அடுப்புக்கு ஆகாதா?" என்றாள் செல்லக்கிளி.

"யாராச்சும் எரிச்சுப் பாத்திருக்காகளா? எலையக் கசக்குனாலே நாறும். ஒன் முறுக்குப் பூரா நாத்தம் பிடிச்சுரும்."

செல்லக்கிளி வீட்டில் முறுக்குச் சுட்டு, பக்கத்துப் பெட்டிக்கடைகளுக்குப் போடுகிறவள். அன்றுவரை அவள் அடுப்பில் எரிந்தது சீமைக்கருவேல விறகுதான். இலை நாறினால் புகையும் நாறுமா என்ற கேள்வி அவளை விடவில்லை. ஒரு கொப்பை உடைத்து அடுப்பில் செருகினாள். பச்சை விறகு, கண்ணெரிய எரியப் புகைந்தது. முகத்தை நீட்டி மோந்து பார்த்தாள். வெறும் புகை வாடைதான். இலை நாற்றம் இல்லை.

மரத்தைத் துண்டு போட்டுப் பிளந்து மொட்டைமாடியில் அடுக்கினார்கள். மார்கழி முழுக்க அவள் மாடிக்குப் போய் ஒரு துண்டைக் கையில் எடுத்துத் தூக்கிப் பார்ப்பாள். தை கடைசியில் அது காய்ந்து பஞ்சு போல ஆகிவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, முற்றத்தில் கல் கூட்டி இரண்டு அடுப்பு வைத்தாள். ஒரே அளவுப் பானை இரண்டு. பானைக்கு ஐந்து செம்புத் தண்ணீர். முறுக்கு நிறுக்கும் தராசில் இரண்டு விறகையும் இரண்டிரண்டு கிலோ நிறுத்தாள். கருவேலம் நாலு கட்டைதான் வந்தது. தீக்குச்சி மரம் ஒரு கை கொள்ளாமல் வந்தது.

பக்கத்து வீட்டு இருளாயி எட்டிப் பார்த்தாள். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இட்லிக் கடை வைத்திருப்பவள்.

"என்ன கிளி, ரெண்டு ஒலை வச்சிருக்க? விருந்தாளா?"

"இல்ல மதினி. எது முந்துதுன்னு பாக்கேன்."

தங்கப்பாண்டி போனில் நேரம் பார்த்தான். தீக்குச்சி மரம் ஒரே குச்சியில் பற்றிக்கொண்டு பானையின் கழுத்துவரை ஏறியது. ஒன்பதாவது நிமிடம் தண்ணீர் தளதளத்தது. கருவேலம் அப்போதுதான் நின்று எரிய ஆரம்பித்திருந்தது. அதற்குப் பதினான்கு நிமிடம் ஆனது.

"ஜெயிச்சுருச்சு!" என்றான் தங்கப்பாண்டி.

"பொறுங்க," என்றாள் அவள்.

கால் மணி நேரத்தில் தீக்குச்சி மரம் வெள்ளைச் சாம்பலாகிவிட்டது. கிளறினால் ஒரு கங்குகூட இல்லை. கருவேல அடுப்பில் கங்கு சிவந்து கிடந்தது; அரை மணி கழித்தும் பானை கொதித்துக்கொண்டே இருந்தது.

மறுநாள் முறுக்குக்கு வைத்துப் பார்த்தாள். முதல் ஈடு கருகிவிட்டது. தீயைக் குறைத்தாள், அடுத்த ஈடு எண்ணெய் குடித்துச் சவசவவென்று வந்தது. எண்ணெய்க்குச் சூடு ஒரே சீராக நிற்க வேண்டும். இந்த விறகு பொங்கும், உடனே அடங்கிவிடும். அவளுக்கு முகம் சுண்டிவிட்டது.

"நான் அன்னைக்கே சொன்னேன்," என்றான் தங்கப்பாண்டி.

"நீங்க நாறும்னுதான சொன்னீக?"

அவன் சிரித்துவிட்டான்.

கருகிய முறுக்கை மாட்டுக்கு வைக்கப் போனவளை இருளாயி நிறுத்தினாள்.

"கிளி, அந்த வெறகுல எனக்கு ஒரு கட்டு குடு. இட்லிக்கு ஆவி சுருக்கா வரணும். கருவக்கட்ட பத்துறதுக்குள்ள காத்திருக்க ஆளு எந்திரிச்சுப் போயிருது. பத்து நிமிசம் நல்லா எரிஞ்சாப் போதும் எனக்கு."

மறுநாள் பகலில் இருளாயி காலி ஓலைக் கொட்டானோடு வந்து இன்னொரு கட்டுக் கேட்டாள். "மொத ஈடு சடார்னு எறங்கிருச்சு கிளி. ஆனா பக்கத்துலயே ஒக்காந்து வெறகத் தள்ளிக்கிட்டே இருக்கணும். அங்கிட்டு இங்கிட்டு நகர முடியல."

விறகு இருளாயிக்குப் பதினெட்டு நாள் வந்தது. தனக்கென்று செல்லக்கிளி ஒரே ஒரு கட்டு வைத்துக்கொண்டாள். தங்கப்பாண்டி ஏன் என்று கேட்டான்.

"அடியில இது ரெண்டு, மேல கருவ ரெண்டு வச்சா, சுருக்காவும் பத்தும், கங்கும் நிக்கும்ல? பாப்போம்," என்று தராசை எடுத்தாள்.